குரோம், ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ்: தனியுரிமைக்கு எது, வேகத்துக்கு எது, வசதிக்கு எது?

#1 அணில்வால்

விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம், நாலு கோர் பிராசசர். குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) "இனி ஆதரவில்லை" என்று அணைந்துவிட்டது. மாறிவிடலாமா என்று யோசனை. ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் இரண்டில் எது?

கூடவே சில சந்தேகங்கள். இன்காக்னிட்டோவில் திறந்தாலே தனியுரிமைக்குப் போதாதா? ஃபயர்ஃபாக்ஸ் மெதுவானது என்கிறார்களே, நிஜமா? ரேமை எது குறைவாகத் தின்னும்? மாறும்போது பாஸ்வேர்ட், புக்மார்க் எல்லாம் பத்திரமாக வந்து சேருமா?

#2 தாழ்ப்பாள்

இன்காக்னிட்டோ போதாது. அது செய்வது ஒரே வேலை: ஜன்னல்களை மூடியதும் அந்த அமர்வின் ஹிஸ்டரி, குக்கி, படிவத்தில் தட்டியவை ஆகியவற்றை அந்தக் கணினியிலிருந்து அழிக்கும். டவுன்லோட் செய்த கோப்பும் சேர்த்த புக்மார்க்கும் அப்படியே இருக்கும். நீங்கள் போகும் தளத்துக்கும், இணைய இணைப்பு தருபவருக்கும் உங்கள் ஐபி முகவரி வழக்கம்போலத் தெரியும். "ரகசியம்" என்று நம்பவைத்ததாகக் கூகுள் மீது 2020-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அப்படித் திரட்டிய பதிவுகளை அழிக்க 2024-ல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

எந்த உலாவி என்று கேட்பதற்கு முன், யார் கண்ணில் படக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். அதே கணினியைத் தொடும் ஆள் என்றால் இன்காக்னிட்டோ போதும். இணைப்பு தருபவர் என்றால், தளப் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளைக் குறியாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பும் வசதியை இயக்க வேண்டும். அப்போதும் இணைப்பு தொடங்கும் நொடியில் தளத்தின் பெயர் வெளியே தெரியும். அதை மூடுவது ஈசிஎச் என்ற குறியாக்கம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் உண்டு, ஆனால் எதிர்முனைத் தளமும் ஆதரிக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் டிஎன்எஸ் மறைப்பை இயக்கினால்தான் அதுவும் வேலை செய்யும். விளம்பர நிறுவனங்கள் என்றால் தடுப்பானும் குக்கிப் பிரிப்பும் வேண்டும். உலாவியைச் செய்யும் நிறுவனமே என்றால், உலாவியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கடைசி வகைக்கு ஒரு நல்ல ஆதாரம்: 2020-ல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் ஆறு உலாவிகள் தங்கள் சர்வர்களுக்கு என்ன அனுப்புகின்றன என்று அளந்தார். முன்னமைப்பில் எதையும் மாற்றாதபோது மிகக் குறைவாகப் பேசியது பிரேவ். நடுவில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி. எட்ஜும் யாண்டெக்ஸும் வன்பொருளோடு ஒட்டிய அடையாள எண்ணை அனுப்பின. அதாவது, உலாவியை அழித்துத் திரும்ப நிறுவினாலும் அதே ஆள் என்று தெரிந்துவிடும். அளவு பழையது, எல்லா உலாவியும் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனாலும் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது.

#3 முடுக்கி

வேகத்துக்கு வருகிறேன். "ஃபயர்ஃபாக்ஸ் மெதுவு" என்பது 2017-க்கு முந்தைய பேச்சு. அந்த வருடம் நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்போடு, பக்கத்தை வரையும் என்ஜினின் பெரும்பகுதி மாறிவிட்டது. இன்றும் குரோமியம் (குரோமின் திறந்த அடித்தளம்) உலாவிகள் பல இயந்திரங்களில் கொஞ்சம் முந்தும். ஆனால் அந்தக் கொஞ்சத்தை நீங்கள் உணர்வீர்களா என்பதுதான் விஷயம்.

அளக்க வேண்டுமென்றால் ஸ்பீடோமீட்டர் 3 என்ற வேகச் சோதனையை எடுங்கள். 2024 மார்ச்சில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா எல்லோரும் சேர்ந்து வெளியிட்டது, ஒருவர் வீட்டு அளவுகோல் இல்லை. ஓட்டும் முறை முக்கியம்:

– புதிய ப்ரொஃபைல், ஒரு நீட்சியும் இல்லாமல். நீட்சிகள் ஒவ்வொரு பக்கத்திலும் தங்கள் ஸ்கிரிப்டை நுழைப்பதால் எண் சரியும்.
– சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பேட்டரியில் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒப்பீடு கெட்டுவிடும்.
– இரண்டு உலாவிக்கும் ஒரே ஜன்னல் அளவு, மற்றதை மூடிவிட்டு.
– மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். முதல் ஓட்டம் எப்போதும் நம்பத்தக்கதல்ல.

இது அளப்பது பட்டனைத் தட்டினால் திரை எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதை. நெட்வொர்க் இதில் வராது. பக்கம் திறக்கத் தாமதமாவதுதான் உங்கள் புகார் என்றால் எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதிக்குப் போய், கேஷை முடக்கும் கட்டத்தை டிக் செய்து, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். அடியில் எத்தனை கோரிக்கை, எத்தனை எம்பி, எத்தனை நொடி என்று வரும். தடுப்பானை அணைத்து ஒரு முறை, இயக்கி ஒரு முறை. விளம்பரம் நிறைந்த செய்தித் தளத்தில் கோரிக்கைகள் பாதிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். எந்த என்ஜினும் தராத வேகம் அது. தடுப்பான் உள்ள "மெதுவான" உலாவி, தடுப்பான் இல்லாத "வேகமான" உலாவியைத் தினசரி வேலையில் தோற்கடிக்கும்.

ரேம்: டாஸ்க் மேனேஜரில் தெரியும் வரிகளைக் கூட்டி ஒப்பிடாதீர்கள். அங்கே முன்னமைப்பில் தெரிவது ஒவ்வொரு பிராசஸின் தனி நினைவகம் மட்டும், பல பிராசஸ்கள் பகிர்ந்துகொள்வது கணக்கில் வராது. குரோமில் ஷிஃப்ட்+எஸ்கேப், ஃபயர்ஃபாக்ஸில் அட்ரஸ் பாரில் அபவுட்:பிராசஸஸ் – இரண்டும் எந்த டேப் தின்கிறது என்று நேரடியாகச் சொல்லும். 8 ஜிபியில் பார்க்க வேண்டியது, நினைவகம் நிரம்பி டிஸ்க் ஓடத் தொடங்குகிறதா என்பதை. குரோமில் செட்டிங்ஸ் → பெர்ஃபார்மன்ஸ் → மெமரி சேவரை நடு நிலையில் வைத்தாலே பெரும்பாலும் தீரும். எட்ஜில் தூங்கும் டேப்களுக்கான நேரத்தை நாமே குறிக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் நெருக்கடி வந்தால் தானாக டேப்களை இறக்கும். புதிய பதிப்புகளில் டேப் மீது ரைட் கிளிக் செய்தும் இறக்கலாம்.

#4 சல்லடை

யூபிளாக் ஏன் அணைந்தது என்று யாரும் சொல்லவில்லையே. இந்த இழைக்கே மூலம் அதுதான்.

நீட்சிகளுக்கான பழைய முறையில் (மேனிஃபெஸ்ட் வி2) பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் உலாவி முதலில் நீட்சியிடம் காட்டும்: "இதை விடலாமா?" நீட்சி தன் நிரலை ஓட்டிப் பார்த்து, விடும் அல்லது வெட்டும். புதிய முறையில் (வி3) நீட்சி முன்கூட்டியே விதிப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும், வெட்டுவது உலாவியின் வேலை. கூகுள் சொல்லும் காரணம் பொய்யில்லை: எல்லாக் கோரிக்கையையும் பார்க்கும் அதிகாரம் கெட்ட நீட்சியின் கையில் ஆபத்து. ஆனால் நல்ல தடுப்பானின் கையும் சேர்த்துக் கட்டப்படுகிறது. ஒரு நீட்சிக்கு உறுதியாகக் கிடைப்பது 30,000 நிலையான விதிகள், அதற்கு மேல் எல்லா நீட்சிகளும் பங்கிடும் பொதுத் தொகுப்பிலிருந்து. கட்டுப்பாடு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. சூழலைப் பார்த்து அந்த நொடியில் முடிவெடுக்கும் திறன் போய்விட்டது.

குரோமில் இதற்கு மாற்று யூபிளாக் ஆரிஜின் லைட். சாதாரண விளம்பரத்துக்குப் போதும். தளவாரியாக நிலை மாற்றலாம். விளம்பரம் கசிந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் முழு நிலைக்கு ஏற்றுங்கள். தளத்துக்குத் தளம் மூன்றாம் தரப்பைத் தடுக்கும் டைனமிக் கட்டம் அதில் இல்லை.

ஃபயர்ஃபாக்ஸ் பழைய முறையையும் வைத்திருக்கிறது, வி3-யிலும் கோரிக்கையை இடைமறிக்க விடுகிறது. அங்கே முழு யூபிளாக்குக்குக் கூடுதலாக இரண்டு ஆயுதம் உண்டு. ஒன்று, சிநேம் முகமூடியை உரிப்பது: கண்காணிப்பு சர்வருக்குச் செய்தித் தளத்தின் துணை டொமைன் பெயரைச் சூட்டி "இது எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று உள்ளே விடும் தந்திரம். டிஎன்எஸ்ஸைக் கேட்டு உண்மைப் பெயரைப் பார்க்கும் அனுமதியை ஃபயர்ஃபாக்ஸ் தருகிறது, குரோம் தருவதில்லை. இரண்டு, உலாவி திறந்ததும் மீட்கப்படும் டேப்கள், தடுப்புப் பட்டியல் ஏறும்வரை காத்திருக்கும். குரோமியத்தில் அந்த முதல் சில நொடியில் கசிவு இருக்கும்.

பிரேவின் கதை வேறு. அதன் தடுப்பான் நீட்சி இல்லை, ரஸ்ட் மொழியில் எழுதி உலாவிக்குள்ளேயே பதித்தது. ஆகவே வி3 அதைத் தொடாது. சிநேம் உரிப்பும் உண்டு. எதையும் தொடாமல் நிறுவி விட்டுவிடும் ஆளுக்கு அதுவே சரி. எந்தக் கோரிக்கை எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டுகிற ஆளுக்கு ஃபயர்ஃபாக்ஸ் + யூபிளாக்.

#5 காவல்நாய்

எல்லோரும் குரோமை மிதிக்கிறீர்கள், ஒன்றைக் குழப்பிக்கொண்டு. தனியுரிமை வேறு, பாதுகாப்பு வேறு. ஒவ்வொரு தளத்தையும் தனிப் பிராசஸில் அடைக்கும் வேலையைக் குரோம் 2018-லேயே டெஸ்க்டாப்பில் முடித்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் அதை எல்லோருக்கும் தந்தது 2021-ன் பிற்பகுதியில். 2023 ஆகஸ்ட் முதல் குரோமுக்கு வாரம் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வருகிறது.

குரோமியத்தை எடுத்துக் கட்டும் பிரேவ், விவால்டி, எட்ஜ் எல்லாம் அந்தத் திருத்தம் வந்தபின் தங்கள் பதிப்பை வெளியிட வேண்டும். ஓட்டை இன்னது என்று ஊருக்கே தெரிந்துவிட்ட நிலையில் இடைப்பட்ட நாட்கள்தான் ஆபத்து. பிரேவும் எட்ஜும் சீக்கிரம் வந்துவிடும். பெயர் தெரியாத சிறிய உலாவி என்றால் அதன் "அபவுட்" பக்கத்தில் உள்ள குரோமியம் எண்ணை அன்றைய குரோம் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் எண்ணே ஒன்று இரண்டு பின்தங்கியிருந்தால் தொடாதீர்கள், எத்தனை தனியுரிமை பேசினாலும் சரி.

#6 தாழ்ப்பாள்

காவல்நாய் சொல்வது சரி. மாற்றுக் கருத்தில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மூன்றாம் தரப்புக் குக்கியை ஒழிப்பதாகக் கூகுள் 2020-ல் அறிவித்து, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் கைவிட்டது. சஃபாரி 2020 மார்ச்சிலேயே முழுக்கத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் எல்லோருக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் குக்கி டப்பா கொடுத்துவிட்டது. ஒரு தளத்தில் உட்பொதிந்த பட்டன் போட்ட குக்கியை இன்னொரு தளத்தில் அதே பட்டன் படிக்க முடியாது. குரோமில் இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் செட்டிங்ஸ் → பிரைவசி → மூன்றாம் தரப்புக் குக்கி → தடு என்று கையால் மாற்றுங்கள். ஏதாவது லாகின் உடைந்தால் அட்ரஸ் பாரில் வரும் கண் குறியை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் விடலாம்.

#7 இலை_மறை

குக்கி எல்லாம் பழைய சண்டை. ஃபிங்கர்பிரிண்டிங் பற்றிப் பேசுங்கள். பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வரையச் சொல்லும். கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர், எழுத்துரு இவற்றைப் பொறுத்து பிக்சல்கள் நூலிழை மாறும். அதைச் சுருக்கி எண்ணாக்கினால் குக்கியே இல்லாமல் அடையாளம் கிடைத்துவிடும். திரை அளவு, நேர மண்டலம், எழுத்துருப் பட்டியல் எல்லாம் சேரும்போது ஆள் தனித்துத் தெரிவார்.

எதிர்ப்பதற்கு இரண்டு பள்ளி. டார் பிரவுசர் பள்ளி: எல்லோரும் ஒரே சீருடை. ஜன்னலைக்கூட 200×100 மடங்கில்தான் திறக்கும். அதனால்தான் அதைப் பெரிதாக்கினால் ஓரத்தில் வெற்றுப் பட்டை வருகிறது. டார் திட்டத்தோடு சேர்ந்து 2023 ஏப்ரலில் வந்த முல்வாட் பிரவுசர் இதே பள்ளி, டார் வலை மட்டும் இல்லாமல். பிரேவ் பள்ளி: ஒவ்வொரு தளத்துக்கும், ஒவ்வொரு அமர்வுக்கும் பதிலில் சிறு இரைச்சலைக் கலந்துவிடுவது. நேற்று வந்த ஆளும் இன்று வந்த ஆளும் வேறு என்று கணக்குத் தப்பும்.

ஃபயர்ஃபாக்ஸிலும் கைரேகை எதிர்ப்பு முறை உண்டு, அபவுட்:கான்ஃபிக்கில் ஒளிந்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸிலிருந்து கிளைத்த லிப்ரெவுல்ஃபில் முன்னமைப்பாகவே இயங்கும். போட்டால் என்ன உடையும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். நேர மண்டலம் யுடிசியாக (உலகப் பொது நேரம்) காட்டப்படும், ஆகவே வலைக் காலண்டரில் சந்திப்பு நேரம் தவறாக வரும். தளங்கள் டார்க் மோடுக்குத் தானாக மாறாது. நாமாக நிறுவிய எழுத்துருக்கள் பக்கங்களில் வராது. எல்லாவற்றிலும் விசித்திரமானது: புகைப்படத்தை ஏற்றுவதற்கு முன் உலாவிக்குள்ளேயே சிறிதாக்கும் தளங்களில், ஏறிய படம் வண்ணக் கோடு கோடாகப் போய்விடும். படக் கோப்பு கெடவில்லை. கேன்வாஸைப் (பக்கம் படம் வரையும் பலகை) படிக்க விடாமல் உலாவி குப்பையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அட்ரஸ் பாரின் இடப்பக்கம் வரும் படக் குறியை அழுத்தி அந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்தால் சரியாகும்.

தனியுரிமைக்கென்று பத்து நீட்சி போடுகிறவர்களே, நிறுத்துங்கள். குரோமியத்தில் ஒரு நீட்சிக்கு உலகெங்கும் ஒரே அடையாள எண். அது பக்கத்துக்குத் திறந்துவைத்த கோப்பு இருந்தால், இருக்கிறதா இல்லையா என்று தளம் தட்டிப் பார்த்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு நிறுவலுக்கும் சீரற்ற எண் தருகிறது. அங்கேயும் நீட்சி பக்கத்தில் செய்யும் மாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தடுப்பான் ஒன்று, பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்று, போதும். கிரேட் சஸ்பெண்டர் என்ற டேப் உறங்கவைக்கும் நீட்சி கைமாறியபின் தீங்கு நிரல் என்று 2021 பிப்ரவரியில் கூகுளே நீக்கியது நினைவிருக்கட்டும். இப்போது அந்த வேலையை உலாவியே செய்கிறது.

#8 வெடிவால்

பிரேவைத் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள். 2020-ல் கிரிப்டோ தளப் பெயரை அட்ரஸ் பாரில் தட்டினால் தன் கமிஷன் இணைப்பைத் தானே ஒட்டிவிட்டது, மறந்துபோச்சா?

#9 சல்லடை

மறக்கவில்லை. பிடிபட்டதும் அதை முன்னமைப்பில் அணைத்தார்கள். மொசில்லாவும் சுத்தமில்லை: 2024 ஜூலையில் 128-ஆம் பதிப்பில் விளம்பர அளவீட்டு வசதியைக் கேட்காமலே இயக்கிவைத்தது. அதன் வருமானத்தின் பெரும்பகுதி கூகுள் தேடல் ஒப்பந்தத்திலிருந்து. நிறுவனத்தின் மனசைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. அணைக்கும் பட்டன் இருக்கிறதா, நிரல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேவ் நிறுவியதும் ரிவார்ட்ஸ் (விளம்பர வெகுமதி), வாலட் (கிரிப்டோ பை), லியோ (ஏஐ உதவியாளர்) குறிகளை மறைத்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ் → பிரைவசி பகுதியில் டேட்டா சேகரிப்பு டிக் எல்லாவற்றையும் எடுங்கள், கண்காணிப்புப் பாதுகாப்பை ஸ்ட்ரிக்ட் ஆக்குங்கள். ஏதாவது தளம் உடைந்தால் கேடயக் குறியை அழுத்தி அங்கே மட்டும் தளர்த்துங்கள்.

#10 அணில்வால்

நன்றி, ஃபயர்ஃபாக்ஸ் போட்டாயிற்று. யூபிளாக் அருமை. ஆனால் யூடியூப் 1080பி-யில் ஃபேன் அலறுகிறது, வீடியோ சட்டகங்கள் (ஃபிரேம்) தவறுகின்றன. வேக விஷயத்தில் இதுதான் குறையா?

#11 முடுக்கி

உலாவி மேல் பழி போடுமுன் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) பாருங்கள். வீடியோ மேல் ரைட் கிளிக் → ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ். கோடெக் வரி ஏவி01 என்று தொடங்கினால் அது ஏவி1. இன்டெல் என்றால் 11-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதை வன்பொருளில் பிரிக்கும். பழையதில் முழுச் சுமையும் பிராசசர் தலையில். அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் மீடியா பகுதியில் கோடெக் அட்டவணை இருக்கும், வன்பொருள் பத்தியில் ஏவி1-க்கு ஆதரவில்லை என்றால் உறுதி.

தீர்வு: என்ஹான்ஸ்டு-எச்264இஃபை (enhanced-h264ify) நீட்சியைப் போட்டு ஏவி1-ஐ மட்டும் தடுங்கள். விபி9-க்கு இறங்கும், இன்டெல் 7-ஆம் தலைமுறையிலிருந்து அதற்கு வன்பொருள் உண்டு. அதைவிடப் பழைய இயந்திரம் என்றால் விபி9-ஐயும் தடுங்கள், எச்264 வரும், ஆனால் யூடியூபில் அது 1080பி-யோடு நின்றுவிடும். நீட்சி வேண்டாமென்றால் யூடியூப் கணக்கின் பிளேபேக் செட்டிங்ஸில் ஏவி1-ஐச் சிறிய அளவுக்கு மட்டும் என்று வைக்கலாம். செய்தபின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ → வீடியோ டிகோட் கோடு எழும்பினால் வேலை முடிந்தது. எழும்பாவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறதா, டிரைவர் பழையதா என்று பாருங்கள்.

#12 வெடிவால்

மொபைலில்?

#13 இலை_மறை

ஐபோனில் பெயர் எதுவானாலும் உள்ளே சஃபாரியின் வெப்கிட் என்ஜின்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் விதி தளர்ந்தது. ஐபோனில் வேகத்தை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை, தடுப்பானும் சிங்க்கும் (கருவிகளுக்கிடையே ஒத்திசைவு) பார்த்து எடுங்கள். ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரில் நீட்சிகளைத் திறந்துவிட்டது, முழு யூபிளாக் ஓடும். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சியே கிடையாது. எதையும் அமைக்காமல் விட்டுவிட வேண்டுமென்றால் பிரேவ்.

டெஸ்க்டாப்பில் வசதிப் பைத்தியம் என்றால் விவால்டி: டேப் அடுக்கு, பிரித்த திரை, மவுஸ் சைகை, மெயில் எல்லாம் உள்ளேயே. பக்கவாட்டு டேப் எட்ஜில் வெகுநாளாக உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் 2025 மார்ச்சில் வந்தது. ஓபராவின் இலவச "விபிஎன்" உலாவிக்குள் மட்டும் ஓடும் பிராக்ஸி, மற்ற செயலிகளை அது மறைக்காது.

#14 அணில்வால்

ஏவி1 தடுத்தேன், ஃபேன் அமைதி. புக்மார்க் வந்துவிட்டது, பாஸ்வேர்ட் வரவில்லையே?

#15 காவல்நாய்

விண்டோஸில் அப்படித்தான் நடக்கும். குரோம் 127-லிருந்து தன் ரகசியங்களைத் தன் செயலிக்கு மட்டும் திறக்கும்படி பூட்டத் தொடங்கிவிட்டது. தகவல் திருடும் வைரஸ்களுக்கு எதிராக. இடையில் ஃபயர்ஃபாக்ஸும் மாட்டிக்கொள்கிறது.

குரோம் பாஸ்வேர்ட் மேனேஜர் → செட்டிங்ஸ் → எக்ஸ்போர்ட். சிஎஸ்வி கோப்பு வரும். ஃபயர்ஃபாக்ஸ் பாஸ்வேர்ட் பக்கத்தில் மூன்று புள்ளி → கோப்பிலிருந்து இம்போர்ட். அந்தக் கோப்பு வெறும் எழுத்து, யார் திறந்தாலும் எல்லாப் பாஸ்வேர்டும் தெரியும். கிளவுடோடு ஒத்திசையும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் சேமிக்காதீர்கள், சர்வருக்கு ஒரு நகல் ஏறிவிடும். எக்செலில் திறந்து சேமிக்கவே கூடாது: பூஜ்யத்தில் தொடங்கும் பாஸ்வேர்டின் பூஜ்யத்தைத் தின்றுவிடும், சமக்குறியில் தொடங்குவதைச் சூத்திரம் என்று நினைக்கும். பாஸ்கீகள் (பாஸ்வேர்டுக்குப் பதிலான லாகின் சாவிகள்) சிஎஸ்வியில் வராது, அந்தத் தளங்களில் புதிதாகப் பதிய வேண்டும்.

சிங்க் போடும்போது: ஃபயர்ஃபாக்ஸில் இரு முனைக் குறியாக்கம் முன்னமைப்பு, குரோமில் தனிப் பாஸ்ஃப்ரேஸ் வைத்தால்தான் அது. பிரேவ் சிங்க்குக்குக் கணக்கே வேண்டாம், 25 சொல் சங்கிலிதான் சாவி. ஃபயர்ஃபாக்ஸ் கணக்கின் பாஸ்வேர்டை மறந்து ரீசெட் செய்தால் சர்வரில் உள்ள டேட்டா அழிந்துவிடும், ஆகவே ரெக்கவரி கீயை இன்றே எடுத்து வையுங்கள். நாலைந்து தளத்தில் லாகின் செய்து சரிபார்த்தபின் சிஎஸ்வியை ஷிஃப்ட்+டெலீட். அதற்குப் பிறகு குரோமில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை அழிக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.